முடிந்த வழக்கைத் திறக்கும் சாவி

போபால் சமரசத்தை மாற்றக் கோரிய மத்திய அரசின் மனு 2023ல் தோற்றது. ஒரு வருடம் கழித்து டெல்லி மெட்ரோ போட்ட அதே வகை மனு ஜெயித்தது. தீர்ப்பு தப்பு என்று சொன்னால் மட்டும் அது ரத்தாகிவிடுமா?

2023 மார்ச் 14. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தது. மனு போட்டிருந்தது சாதாரண ஆள் அல்ல, மத்திய அரசு. கேட்டது சுமார் 7,844 கோடி ரூபாய். யாரிடமிருந்து? யூனியன் கார்பைடு கம்பெனியிடமிருந்தும் அதன் வாரிசு நிறுவனங்களிடமிருந்தும். போபாலில் விஷவாயு கசிந்து அப்போது 38 வருடங்கள் ஓடியிருந்தன. நஷ்டஈட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தும் 34 வருடங்கள் ஆகியிருந்தன.

நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான பெஞ்ச் சொன்ன காரணம் சுருக்கமானது. ஒரு சமரசம் ஒன்று செல்லும். அல்லது மோசடியால் கெட்டுப்போனது என்று நிரூபித்து அதை ரத்து செய்ய வேண்டும். சமரசத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் பணம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை. மோசடி நடந்தது என்று மத்திய அரசு தன் மனுவில் சொல்லவே இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்ததற்கும் சரியான விளக்கம் இல்லை.

செத்தவர் கணக்கும் நோயாளிகள் கணக்கும் குறைத்துப் போடப்பட்டன என்று போபால்வாசிகள் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தார்கள். அரசே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டது. அப்படியும் கதவு திறக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, முடிந்துபோன ஒரு சிவில் வழக்கைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

பூட்டு ஏன்?

சிவில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு முடிவைத் தேடித்தான் போகிறார்கள். நிலம் யாருடையது, கடன் தீர்ந்ததா, பாகம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு நாள் பதில் கிடைத்தாக வேண்டும். அந்தப் பதிலை நம்பித்தான் வீடு கட்டுகிறார்கள், விற்கிறார்கள், பெண்ணுக்குச் சீர் செய்கிறார்கள். தோற்றவர் பத்து வருடம் கழித்து வந்து 'மறுபடி முதலிலிருந்து' என்றால் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால்தான் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11ம் பிரிவு, ஒரு முறை தீர்ந்த விவகாரத்தை அதே தரப்பினர் மீண்டும் கிளப்பக் கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறது.

தீர்ப்பு தப்பு என்று நினைப்பவருக்கு அப்பீல் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள் கெடு. ஆவணத்தைப் பார்த்தாலே தெரியும் பிழை இருந்தாலோ, எவ்வளவு முயன்றும் முன்பு கைக்குக் கிடைக்காத முக்கிய ஆதாரம் பிறகு கிடைத்தாலோ, தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிடமே மறு ஆய்வு கேட்கலாம். இவையெல்லாம் தீர்ப்பின் சரி தப்பைப் பற்றியவை. கெடு தாண்டினால், தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும்.

தீர்ப்பையே ரத்து செய்யக் கேட்பது வேறு ரகம். அங்கே கேள்வி, தீர்ப்பு சரியா என்பதல்ல. தீர்ப்பு வந்த வழி சரியா என்பதுதான். எதிராளிக்குச் சொல்லாமலே வழக்கு நடந்ததா? கோர்ட்டை ஏமாற்றி வாங்கியதா? இந்த இரண்டு சாவிகளைத்தான் சட்டம் பெரும்பாலும் அனுமதிக்கிறது.

சம்மன் வராத வழக்கு

முதல் சாவி, தினமும் ஏதாவது ஒரு முன்சீப் கோர்ட்டில் திருப்பப்படுகிறது. பிரதிவாதி ஆஜராகவில்லை. வாதி சொன்னதை மட்டும் கேட்டு ஒருதலைப்பட்சமாக, கோர்ட் பாஷையில் 'எக்ஸ் பார்ட்டி'யாக, டிக்ரி ஆகிவிடுகிறது. அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் பிரதிவாதிக்கு விஷயமே தெரிகிறது.

இவருக்காகவே சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9ம் ஆணை, 13ம் விதி இருக்கிறது. சம்மன் முறைப்படி சேரவில்லை என்றோ, வர முடியாததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்றோ கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் டிக்ரி ரத்தாகும். வழக்கு மீண்டும் நடக்கும். செலவுத் தொகை கட்டு, இவ்வளவு பணத்தை டெபாசிட் செய் என்று கோர்ட் நிபந்தனை போடலாம். கெடு 30 நாள். டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மனே சேராதவருக்கு மட்டும் டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. சம்மன் சேர்த்ததில் ஏதோ சின்னக் கோளாறு என்பது மட்டும் போதாது. வாய்தா தேதி தெரிந்திருந்தும், வந்து பதில் சொல்ல அவகாசம் இருந்தும் வராமல் இருந்தவருக்கு இந்தக் கதவு திறக்காது. கதவைத் தட்டுகிறவர் தன் பங்குக்கு விழிப்பாக இருந்தாரா என்று சட்டம் முதலிலேயே பார்த்துவிடுகிறது.

மறைத்து வாங்கிய டிக்ரி

இரண்டாவது சாவி மோசடி. இதற்கு நாடு முழுவதும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் முன்னுதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன ஒரு சொத்து வழக்கு. ஒரு வட்டிக்கடைக்காரருக்காக அவருடைய குமாஸ்தா கோர்ட் ஏலத்தில் சொத்தை எடுத்தார். 1945ல், அந்தச் சொத்தில் தனக்கு உரிமை ஏதும் இல்லை என்று முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துகொடுத்தார். சொத்தின் பழைய சொந்தக்காரர்கள் கடனை அடைத்தும்விட்டார்கள். பிறகு அதே குமாஸ்தா, விடுதலைப் பத்திரத்தைப் பற்றி மூச்சே விடாமல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முதல்நிலை டிக்ரி வாங்கிவிட்டார்.

இறுதி டிக்ரி கட்டத்தில் பத்திரம் வெளியே வந்தது. விசாரணை நீதிமன்றம் டிக்ரியை ஏற்க மறுத்தது. உயர் நீதிமன்றமோ, வாதி தனக்கு எதிரான ஆவணத்தையும் தானே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்ற கடமை இல்லை. எதிராளிதான் முன்பே தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றது. 1993 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைப் புரட்டிப் போட்டது. வழக்குக்கு உயிரான ஆவணத்தை ஒளித்து வாங்கிய டிக்ரி, கோர்ட்டையே ஏமாற்றி வாங்கிய டிக்ரி. அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் அதை எதிர்க்கலாம் என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார்.

சாட்சியச் சட்டம் 1872லேயே இதற்கு இடம் வைத்திருந்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த விதியைத் தக்கவைத்திருக்கிறது. ஆனால் 'மோசடி' என்ற வார்த்தையை மனுவில் எழுதினால் மட்டும் போதாது. யார், எப்போது, எதை மறைத்தார், அதனால் கோர்ட் எப்படி ஏமாந்தது என்று விவரம் தர வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6ம் ஆணை, 4ம் விதி. டிக்ரியை ரத்து செய்யத் தனி வழக்குப் போடுவதானால், ரத்துக்கான காரணம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு.

சமரச டிக்ரிக்குப் பூட்டு இன்னும் கெட்டி. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரசத்தை, அது சட்டப்படியான சமரசம் இல்லை என்று சொல்லித் தனி வழக்குப் போட்டு உடைக்க முடியாது (23ம் ஆணை, 3ஏ விதி). சமரசத்தைப் பதிவு செய்த கோர்ட்டுக்கே போக வேண்டும். போபால் இந்தக் கெட்டிப் பூட்டில்தான் மாட்டியது.

யார் போட்ட கையெழுத்து?

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி மீதைல் ஐசோசயனேட் போபாலின் குடிசைப் பகுதிகளுக்குள் புகுந்தது. 1985ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்காகவும் வழக்காடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே என்றது அந்தச் சட்டம். ஏழை ஜனங்கள் ஒரு பன்னாட்டுக் கம்பெனியோடு தனித்தனியாக மல்லுக்கட்ட முடியாது. அரசு பெற்றோர் ஸ்தானத்தில் நின்று நடத்தும் என்பது நியாயமாகத்தான் பட்டது.

நியூயார்க் ஃபெடரல் கோர்ட் 1986ல் வழக்கை இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பியது. அதே வருடம் போபால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு பதிவானது. அரசு கேட்டது 300 கோடி டாலருக்கும் மேல். 1987 டிசம்பரில் மாவட்ட நீதிபதி இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் தரச் சொன்னார். 1988 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாக்கியது. இந்த இடைக்கால நிவாரண அப்பீல் உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1989 பிப்ரவரி 14 அன்று, முழு வழக்கும் 47 கோடி டாலரில் முடிந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். சிவில், கிரிமினல் வழக்குகள் எல்லாமே முடிவுக்கு வந்ததாக உத்தரவு. சாட்சி விசாரணை நடக்கவில்லை. வாயு தின்ற நுரையீரலோடு இருந்தவர்கள் யாரையும் 'இது சம்மதமா?' என்று கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, 1989 மே 4 அன்று, இந்தத் தொகைக்கு வந்த கணக்கைக் கோர்ட் விளக்கியது. சாவு சுமார் 3,000 என்ற அடிப்படையில் போட்ட கணக்கு அது. 2010ல் மத்திய அரசு தன் மனுவில் சொன்ன எண்ணிக்கை 5,295. காயம்பட்டவர்கள் உட்பட, நஷ்டஈட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் கடைசியில் ஐந்தரை லட்சத்தையும் தாண்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். மிச்சமிருந்த சுமார் 1,500 கோடியைப் பகிர்ந்து கொடுக்கும்படி 2004ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு இன்னொரு 25,000.

முதல் முயற்சி

சமரசம் வந்த உடனே போபால்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெண்கள் ரயிலேறி டெல்லிக்கு வந்து உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றார்கள். அமைப்புகள் மறு ஆய்வு மனுக்கள் போட்டன. 1989 கடைசியில் வந்த வி.பி.சிங் அரசு, முந்தைய அரசு செய்த சமரசத்தை எதிர்ப்பவர்கள் பக்கம் நிற்பதாக அறிவித்தது. ஆனால் அரசு தன் பெயரில் மறு ஆய்வு மனு போடவில்லை. 34 வருடம் கழித்து இது பெரிய ஓட்டையாகத் தெரிந்தது.

பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் செய்த சமரசம் எப்படிச் செல்லும் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இரண்டு கட்டமாகப் பதில் சொன்னது. 1989 டிசம்பரில் 1985ம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. முன்கூட்டியே அவர்களைக் கேட்டிருக்க வேண்டும், ஆனாலும் மறு ஆய்வில் பேச வாய்ப்புக் கிடைப்பதால் அந்தக் குறை தீரும் என்றது. 1991 அக்டோபர் 3 அன்று மறு ஆய்வுத் தீர்ப்பு வந்தது. கிரிமினல் வழக்குகளை ரத்து செய்த பகுதி மட்டும் விலக்கப்பட்டு அந்த வழக்குகள் உயிர் பெற்றன. பணத் தொகை அப்படியே நின்றது.

கூடவே கோர்ட் இரண்டு காப்புகள் வைத்தது. ஒன்று, பணம் போதாமல் போனால் மீதியை மத்திய அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இரண்டு, அப்போது நோய் அறிகுறி தெரியாத சுமார் ஒரு லட்சம் பேருக்காக அரசு எட்டு வருட மருத்துவக் குழு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். பணம் போதாமல் போனால் சுமையை அரசின் தலையில் கட்டுவது சரியல்ல என்று நீதிபதி அகமதி மட்டும் மாறுபட்டார்.

கடைசிக் கதவு

மறு ஆய்வும் முடிந்துவிட்டால்? 2002 ஏப்ரல் 10 வரை பதில் 'ஒன்றுமில்லை' என்பதுதான். அன்று உச்ச நீதிமன்றம் 'க்யூரேட்டிவ்' மனு என்ற புதிய மருந்தைக் கண்டுபிடித்தது. மனுதாரருக்குச் சொல்லாமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பானது, நீதிபதிக்கு வழக்கில் இருந்த தொடர்பு மறைக்கப்பட்டது, கோர்ட் நடைமுறையையே கேலியாக்கும் அளவுக்கு அநீதி நேர்ந்தது போன்ற அபூர்வ நிலைமைகளுக்கு மட்டும். மூத்த வழக்கறிஞர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். மூன்று மூத்த நீதிபதிகளும், கிடைத்தால் தீர்ப்பெழுதிய நீதிபதிகளும் முதலில் மனுவைப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும்.

2010 ஜூனில் போபால் கோர்ட் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு வெறும் இரண்டு வருடத் தண்டனை கொடுத்தபோது நாடே கொதித்தது. அந்தச் சூட்டில், டிசம்பர் மாதம், மத்திய அரசு க்யூரேட்டிவ் மனுவைக் கையிலெடுத்தது. மனு விசாரணைக்கு வர மேலும் பன்னிரண்டு வருடம் ஆனது. 2023 ஜனவரியில் மூன்று நாள் வாதம் நடந்தது. அரசின் வாதம் சாவு எண்ணிக்கை, நோய்க் கணக்கு, ஆலை வளாகத்தில் கிடக்கும் நச்சு ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. அதாவது, 1989ல் போட்ட தொகை போதாது என்பது. தொகை போதாது என்பது அப்பீலில் எடுபடக்கூடிய வாதம். முடிந்த சமரசத்தை உடைக்கும் உளி அதுவல்ல.

அந்தத் தீர்ப்பில் மத்திய அரசுக்குத்தான் அதிகக் குட்டு விழுந்தது. பணம் போதவில்லை என்றால் 1991ம் ஆண்டு உத்தரவுப்படி நீங்கள்தானே கொடுத்திருக்க வேண்டும் என்றது கோர்ட். எடுக்கச் சொன்ன இன்சூரன்ஸ் பாலிசி? எடுக்கவே இல்லை. இதை மிக மோசமான அலட்சியம் என்றது. ரிசர்வ் வங்கியில் கிடந்த 50 கோடி ரூபாயை நிலுவையில் உள்ள கோரிக்கைகளுக்குப் பயன்படுத்தச் சொல்லி வழக்கை மூடியது.

மெட்ரோ ஜெயித்த கதை

க்யூரேட்டிவ் மனு பேருக்குத்தான் இருக்கிறது என்று பலரும் முடிவுகட்டிய நேரத்தில் 2024 ஏப்ரல் 10 வந்தது. அந்த மருந்து பிறந்து சரியாக 22 வருடம். டெல்லி விமான நிலைய எக்ஸ்பிரஸ் ரயில் பாதையை நடத்திய ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் துணை நிறுவனத்துக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் தகராறு. 2017ல் நடுவர் மன்றம் மெட்ரோ சுமார் 2,782 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் 2019ல் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2021ல் நடுவர் மன்ற முடிவுக்கே மீண்டும் உயிர் கொடுத்தது. மறு ஆய்வு மனுவையும் தள்ளியது. வட்டியோடு தொகை 8,000 கோடி வரை ஏறியது.

க்யூரேட்டிவ் மனுவில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் பெஞ்ச், உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பையே ரத்து செய்தது. முக்கிய ஆதாரம் ஒன்றைக் கணக்கில் எடுக்காத நடுவர் மன்ற முடிவை உயர் நீதிமன்றம் சரியாகவே விலக்கியிருந்தது. அதில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் பெரும் அநீதி நேர்ந்தது என்றது. அதுவரை மெட்ரோ கட்டியிருந்த பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கசப்பான வித்தியாசம் தெரியும். மெட்ரோ ஆரம்பத்திலிருந்தே தன் வழக்கைத் தானே நடத்தியது. எந்தக் கட்டத்திலும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை. தோற்ற உடனே மறு ஆய்வு கேட்டது. அதிலும் தோற்றதும் அடுத்த கதவுக்குப் போனது. போபால் மக்களுக்கோ வழக்காடும் உரிமையே சட்டத்தால் வேறு கைக்குப் போய்விட்டிருந்தது. சம்மன் சேராத பிரதிவாதிக்கு முன்சீப் கோர்ட்டில் கிடைக்கும் சலுகை, கேட்கப்படாமலே சமரசத்துக்குள் தள்ளப்பட்ட லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வராமல் போனவர்கள் அல்ல. அரசின் உருவில் வந்து சம்மதித்தவர்கள்.

அரசோ அல்லது வேறொரு அமைப்போ பெரும் கூட்டத்துக்காக வழக்காடும் நிலைமை போபாலோடு நின்றுவிடப் போவதில்லை. அணைக்காக நிலம் இழந்தவர்கள், ஆலைக்கழிவால் கிணறு கெட்டவர்கள், சீட்டுக் கம்பெனியில் பணம் போட்டவர்கள் என்று வரிசை நீளும். சமரசத்துக்குச் சம்மதம் சொல்லும் முன் அந்தக் கூட்டத்தைக் கேட்பதுதான் ஒரே உருப்படியான பாதுகாப்பு. கையெழுத்து ஆன பிறகு, ஏமாற்று நடந்தது என்று நிரூபித்தால் ஒழிய, கதவு ஏறக்குறைய மூடியதுதான்.

தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு வருகிறவரிடம் எந்த கோர்ட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' போபால் பெண்களிடம் இதற்குப் பதில் இருந்தது. 1989லிருந்து அவர்கள் கோர்ட் வாசலில்தான் இருந்தார்கள். பதில் இல்லாமல் நின்றது, அவர்கள் வழக்கைச் சுமந்துகொண்டு வந்த அரசு.